ஐந்தாம் நிலைச் சாரம்

“அம்மா, நான் உலகத்துல பாதி மனுசன்கூட இல்லையாம்” என்றார் பேச்சிமுத்து.

எதிரே இருந்தவர் திலகவதி அம்மை, மடத்தின் தலைவி. கோயில் திருப்பணியும் அவர் பொறுப்புதான். பேச்சிமுத்துவைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் வியாழக்கிழமை தவறாமல் வந்து அவர் முன்னால் உட்கார்ந்து ஏதாவது கேட்காவிட்டால் பேச்சிமுத்துவுக்குத் தூக்கம் வராது. மற்ற நாளெல்லாம் அவர் அந்தக் கோயில் கோபுரத்துக்குச் சாரம் கட்டுகிறவர்.

“யாரு சொன்னா?”

“போனு சொல்லுது. மருமகன் என் கூலியைப் போட்டுப் பாத்தான். உலகத்துல சராசரியா ஒரு ஆளு வாங்குறதுல பாதிகூட நான் வாங்கலையாம். முப்பது வருசமா கோபுர உச்சியில நிக்கேன். நேத்துதான் தெரிஞ்சுது, நான் எல்லாருக்கும் கீழ நிக்கேன்னு.”

ஊருக்குள் நெஞ்சை நிமிர்த்தி நடக்கிற மனிதர். நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை.

“அதுக்கு?”

“வேலையை விட்டுருதேன். திருப்பூர்ல வாட்ச்மேன் வேலை இருக்கு. மாசம் பொறந்தா சம்பளம்.”

இருப்பதைக் கொண்டு நிறைவாக இரு என்று அம்மை சொல்வார், பேச்சிமுத்து எதிர்பார்த்தது அதைத்தான். அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தார்.

அம்மை சேலைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார்.

“வாங்க அண்ணாச்சி. மேல போவோம்.”

“மேலயா? நீங்களா?”

“அஞ்சாம் நிலைக்கு.”

இன்ஜினியரே மூன்றாம் நிலையோடு திரும்பிவிடுகிற கோபுரம் அது. பேச்சிமுத்து பின்னால் ஓடினார்.

சவுக்குக் கம்புகளும் கயிறுமாகச் சாரம் வானத்தைப் பார்த்து நின்றது. அம்மை இடப்பக்கம் கால் வைக்கப் போனார்.

“அங்க வேணாம்மா! அது நேத்து கூலிக்கு வந்த ஆளு கட்டுனது. நான் இன்னும் மிதிச்சுப் பாக்கல.”

பேச்சிமுத்து மூன்று முறை குதித்து மிதிக்காத பலகையில் யாரும் நிற்கக் கூடாது. கொத்தனார்கள் கீழே முணுமுணுத்துக்கொண்டே காத்திருப்பார்கள். ஆனால் காத்திருப்பார்கள்.

“அதே கம்பு, அதே கயிறுதானே?”

“கம்பும் கயிறும் அதேதாம்மா. கட்டுனது நான் இல்லையே.”

வலப்பக்கமாக ஏறினார்கள். பேச்சிமுத்து முன்னால் போய் ஒவ்வொரு பலகையையும் மிதித்துக் காட்ட, அம்மை பின்னால் ஏறினார்.

மூன்றாம் நிலையில் அம்மை நின்றுவிட்டார். கம்பைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

“இறங்கிருவோமாம்மா?”

“விழுந்துருவேனா?”

“என் சாரத்துல இதுவரைக்கும் ஒருத்தன் விழுந்தது கிடையாது.”

அம்மை கண்ணைத் திறந்தார். ஏறினார்.

ஐந்தாம் நிலையில் காற்று அள்ளிக்கொண்டு போனது. அம்மை பலகையின் நடுவில் நின்றார். கம்பிலிருந்து ஒரு கையை எடுத்தார். பிறகு இன்னொரு கையையும் எடுத்து, இரண்டையும் தலைக்கு மேலே கூப்பினார்.

முதல் தடவை ஏறுகிறவர் யாரும் அங்கே இரண்டு கையையும் விட்டதைப் பேச்சிமுத்து பார்த்ததில்லை. பலகை அசையவில்லை. பெருமையில் அவருக்குக் கண் கலங்கியது. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

இறங்கி வந்ததும் அம்மை மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“இப்ப சொல்லுங்க. உங்க நாள் கூலி எவ்வளவு?”

“தொள்ளாயிரம்.”

“மடம் குடுக்கது எனக்குத் தெரியும். நான் ஏறி இறங்குன சாரத்துக்கு எவ்வளவுன்னு கேக்கேன்.”

முப்பது வருடத்தில் பேச்சிமுத்து வாய் திறந்து கூலி கேட்டதில்லை. கொடுத்ததைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவார். அதுதான் மரியாதை என்று நினைத்திருந்தார்.

அண்ணாந்து பார்த்தார். ஏறி இறங்கிய பக்கத்தில் ஒவ்வொரு கட்டும் அவர் கை போட்டது.

“ரெண்டாயிரம்.”

குரல் அவர் நினைத்ததைவிடப் பலமாக வந்தது.

“மழை பெஞ்சா?”

“வேலை இல்லைன்னாலும் பாதி. நனைஞ்ச கயித்தையெல்லாம் வந்து இறுக்க வேண்டியது நான்தான்.”

“அது உலகச் சராசரிக்குக் கூடவா, குறையவா?”

பேச்சிமுத்துவுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை.

அம்மை சிரித்தார். “மடத்து மேலாளர் என்னோட சண்டைக்கு வருவாரே அண்ணாச்சி.”

“அவரையும் மேல கூட்டிட்டு வாங்கம்மா” என்றார் பேச்சிமுத்து.