காற்றுத் தண்ணி

அந்தக் காலத்தில், ஈயும் அணிலும் ஒரே மொழியில் பேசி ஒரே மொழியில் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலத்தில், ஓர் இலுப்பைத் தோப்பு இருந்தது. அந்தத் தோப்பின் பிள்ளைகளை எல்லாம் நீலாயி என்ற ஈ பார்த்துக்கொண்டாள். விடிந்ததும் பெரியவர்கள் இரை தேடப் போயாக வேண்டும். நடக்கத் தெரிந்தும் பிழைக்கத் தெரியாத வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு யாரும் மரம் ஏற முடியாது. அதனால் அணில், எலி, ஓணான், சிட்டு என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் பெரிய இலுப்பை மரத்தின் வேரடியில் வந்து சேர்ந்தார்கள். நீலாயியின் பிள்ளைகள் ஐந்து பேரும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தார்கள். எல்லாரும் அவளை அத்தை என்றார்கள். அவள் பெற்ற பிள்ளைகளும், மற்றவர்களைப் பார்த்து, அத்தை என்றே கூப்பிட்டார்கள்.

சும்மா பார்த்துக்கொள்ளும் வேலை இல்லை அது. மழைக்காலம் வந்தால் அந்தத் தோப்பில் வயிற்றுப்போக்கு வரும். மண்ணில் புரண்ட கையோடு பிள்ளைகள் பழத்தை எடுத்துத் தின்பார்கள். இரண்டு நாள் வாந்தி எடுப்பார்கள். மூன்றாம் நாள் கூப்பிட்டால் திரும்பமாட்டார்கள். மாடத்தி என்ற அணில் இப்படி அடுத்தடுத்த மழையில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். மிஞ்சியது பேச்சி ஒருத்திதான். அவளை நீலாயியிடம் கொண்டுவந்து விட்ட அன்று மாடத்தி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"மதினி, இவளுக்குப் பாட்டு, படிப்பு எதுவும் வேண்டாம். கையக் கழுவிட்டுத் திங்கப் பழக்கிவிடுங்க. எனக்கு அது போதும்" என்றாள்.

"நான் இருக்கேன்லா. நீ போயிட்டு வா" என்றாள் நீலாயி.

சொல்லிவிட்டாளே தவிர, செய்வது லேசாக இல்லை. கையைக் கழுவு என்று சொன்னதும் கழுவுகிற பிள்ளையை நானும் இதுவரை பார்த்ததில்லை. அதட்டினால் அழுதார்கள். பயமுறுத்தினால் பொய் சொன்னார்கள். பதினைந்து பிள்ளைகளையும் குட்டைக்கு இழுத்துப் போய்ச் சேர்ப்பதற்குள் நீலாயிக்கு இறக்கை ஓய்ந்துவிட்டது. அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது.

அவள் ஒரு விளையாட்டு கட்டினாள். ஒரு பிள்ளை உடம்பெல்லாம் சேறு பூசிக்கொண்டு நடுவில் நிற்கும். அவன்தான் அழுக்காண்டி. மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொண்டு பாடுவார்கள்.

"உள்ளங்கையில ஒளிஞ்சிருக்கான், உரசு உரசு.
புறங்கைக்குத் தாவிட்டான், புரட்டு புரட்டு.
விரலிடுக்குல பதுங்குறான், விடாத விடாத.
தண்ணி வருது, தண்ணி வருது, ஓடிட்டான்."

கடைசி அடிக்கு நீலாயி கொட்டாங்கச்சியில் தண்ணீர் மொண்டு ஒவ்வொரு கையிலும் ஊற்றுவாள். அழுக்காண்டி அலறிக்கொண்டு ஓடிப்போய்க் குட்டையில் விழுவான். அவ்வளவுதான் விளையாட்டு. பிள்ளைகளுக்கு அது போதுமானதாக இருந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு முறை, மண்ணில் ஆடிய பிறகு ஒரு முறை, ஒதுங்கிவிட்டு வந்தால் ஒரு முறை என்று அவர்களே கேட்டு விளையாடினார்கள். பேச்சிக்கு அழுக்காண்டியாக இருக்கப் பிடிக்காது. தேய்க்கத்தான் பிடிக்கும். கட்டைவிரலைத் தனியாகப் பிடித்து, நாக்கை நீட்டிக்கொண்டு, அவ்வளவு கவனமாகத் தேய்ப்பாள்.

அந்த வருஷ மழையில் தோப்பில் ஒரு பிள்ளையும் சாகவில்லை. மாடத்தி வந்து நீலாயியின் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் கட்டிக்கொண்டு வந்த இலுப்பைப் பூவை அங்கேயே வைத்துவிட்டுப் போனாள்.

அதற்கு அடுத்த வருஷம் வானம் பொய்த்தது. குட்டை நாளுக்கு நாள் சுருங்கி ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு வந்துவிட்டது. குட்டைக்குக் காவல் மாசானம் என்ற தவளை. அவன் கரையில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருவருக்கும் ஒரு வாய்த் தண்ணீர் என்று அளந்து விட்டான். நீலாயி கொட்டாங்கச்சியோடு போனபோது அவன் குறுக்கே வந்து நின்றான்.

"குடிக்கவே இல்ல நீலாயி. கை கழுவ எங்க போறது?" என்றான்.

"பிள்ளைங்க அண்ணே."

"பிள்ளைங்களும் குடிக்கணும்லா."

அவன் சொன்னதில் தப்பில்லை. நீலாயி வெறும் கொட்டாங்கச்சியோடு திரும்பி வந்தாள். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து, கையைத் தேய்த்து, கடைசி அடிக்குக் காத்திருந்தார்கள். பதினைந்து முகமும் அவளையே பார்த்தன. இன்றைக்கு இல்லை என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. காலிக் கொட்டாங்கச்சியைச் சாய்த்து, "தண்ணி வருது, தண்ணி வருது" என்று பாடிக்கொண்டே ஊற்றுவதுபோல் பாவனை செய்தாள்.

பிள்ளைகள் ஒரு நொடி விழித்தார்கள். பிறகு பேச்சி, தன் கையைக் காற்றில் அலம்பி, உதறி, "அத்தை, சில்லுனு இருக்கு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அழுக்காண்டி காய்ந்த மண்ணில் தொபுக்கென்று விழுந்தான். அன்றைக்கே அதற்குப் பேரும் வைத்துவிட்டார்கள், காற்றுத் தண்ணி என்று.

இதற்காக நான் நீலாயியைக் குறை சொல்லமாட்டேன். விளையாட்டு மறந்துபோனால் பழக்கமும் மறந்துபோகும், மழை வரும்வரை கையாவது மறக்காமல் இருக்கட்டும் என்றுதான் அவள் நினைத்தாள். பிள்ளைகளை வளர்ப்பவர்கள் எல்லாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

ஆனால் காற்றுத் தண்ணி ரொம்ப வசதியாக இருந்தது. குட்டைவரை நடக்க வேண்டாம், யார் முந்தி என்ற சண்டை இல்லை, யாரும் நனைந்து குளிரில் நடுங்கவில்லை. வீட்டிலும் பிள்ளைகள் சொல்லாமலே கையைத் தேய்த்தார்கள். தாய்மார் பூரித்துப்போனார்கள். பக்கத்துத் தோப்பிலிருந்து மைனாக்கள் பார்க்க வந்து, "எங்க பிள்ளைங்க சொன்ன பேச்சே கேக்காதுங்க. நீங்க எப்படித்தான் பழக்கினீங்களோ" என்று சொல்லிவிட்டுப் போயின. நீலாயிக்குக் காது குளிர்ந்தது. அவள் மட்டும் வேறென்ன, நம்மைப்போல ஒரு சீவன்தானே.

ஒருநாள் மழை வந்தது. ஒரு வாரம் நிற்காமல் பெய்து குட்டை கரை தொட்டது. மாசானம் தானே வேரடிக்கு வந்து கூப்பிட்டான்.

"தண்ணி நெறையக் கெடக்கு. இனிமே பிள்ளைங்களக் கூட்டிட்டு வா."

நீலாயி அன்றே கொட்டாங்கச்சியை நிரப்பி வந்தாள். முதல் கையில் ஊற்றியதும் எலிக்குட்டி வீறிட்டு அழுதது. "இது வேண்டாம் அத்தை, அது ஊத்து" என்றது. மற்றவர்களும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள். நீலாயி கொட்டாங்கச்சியைக் கவிழ்த்துவிட்டு, சரி, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று பழைய விளையாட்டையே நடத்தினாள். மறுநாள் மைனாக்கள் வந்திருந்தன. அவர்கள் முன்னால் பிள்ளைகள் அழுதால் நன்றாக இருக்காது. அதற்கு மறுநாள் தூறல். இப்படியே ஒன்பது நாள் போயிற்று. காற்றில் கை கழுவினால் அழுக்குப் போகாது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் தள்ளிப்போட்டாள்.

பத்தாம் நாள் சாயங்காலம் மாடத்தி நாவல் பழம் கொண்டு வந்தாள். மழையில் உதிர்ந்து சேற்றில் கிடந்ததில் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி, அலசிக் கொண்டு வந்தது. பேச்சி அதுவரை சேற்றில் வீடு கட்டிக்கொண்டிருந்தாள். பழத்தைப் பார்த்ததும் ஓடிவந்தாள்.

"கை" என்றாள் மாடத்தி.

பேச்சி உட்கார்ந்து பாட்டைப் பாடினாள். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், ஒன்றையும் விடவில்லை. கடைசியில் கையைக் காற்றில் அலம்பி உதறிவிட்டு நீட்டினாள். காலடியிலேயே மழைத்தண்ணீர் வாய்க்காலாக ஓடிக்கொண்டிருந்தது. மாடத்தி அதைப் பார்க்கவில்லை. பிள்ளை பாடுகிற அழகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய பழமாக எடுத்து அந்தக் கையில் வைத்தாள்.

மறுநாள் காலையில் பேச்சிக்கு வாந்தி வந்தது. மத்தியானத்துக்குள் எலிக்குட்டிக்கும் இரண்டு சிட்டுக்குஞ்சுகளுக்கும் வந்துவிட்டது. மூன்றாம் நாள் உச்சிப்பொழுதில், தாயின் மடியில், தண்ணீர் கேட்டுக்கொண்டே பேச்சி அடங்கிப்போனாள். அதற்கு முன்னால் கொஞ்ச நேரம் இரண்டு கையையும் மெல்லத் தேய்த்துக்கொண்டிருந்தாளாம். கழுவினால் சரியாகிவிடும் என்று அந்தச் சிறுசுக்கு நினைப்பு.

மாடத்தி வேரடிக்கு வந்தாள். நீலாயி எழுந்து நின்றாள். அடிப்பாள், ஏசுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தாள். மாடத்தி அப்படி எதுவும் செய்யவில்லை.

"கழுவினா மதினி. எங் கண்ணு முன்னாலதான் கழுவினா. நீங்க பழக்கினபடியே, ஒரு விரல் விடாம. அப்புறம் எப்படி மதினி?" என்று கேட்டாள்.

நீலாயி காலடியில் கிடந்த கொட்டாங்கச்சியைப் பின்னால் தள்ளினாள்.

"நான்தான் பழத்தக் கொடுத்தேன். நான் எதுவும் தப்பாக் கொடுத்துட்டேனா?"

அதற்கு மேல் நீலாயியால் தாங்க முடியவில்லை. காற்றுத் தண்ணி என்றால் என்ன என்று மாடத்தியிடம் ஒன்று விடாமல் சொன்னாள். குட்டை நிறைந்த பிறகும் பத்து நாள் அப்படியே விட்டதையும் சொன்னாள். மாடத்தி கேட்டு முடித்துவிட்டுத் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மரம் ஏறிப் போய்விட்டாள். ஏசியிருந்தால் நீலாயிக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று பொழுது சாய்வதற்குள் நீலாயி தோப்பில் இருந்த ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் போனாள். "நான் பழக்கினது பொய்யி. தண்ணியில கழுவுங்க. தண்ணியில கழுவுங்க" என்று தொண்டை கிழியக் கத்தினாள். கத்திக் கத்தி அவள் குரல் போய்விட்டது. கடைசி வாசலில் நின்றபோது வெறும் ரீங்காரம்தான் வந்தது.

தாய்மார் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவரவர் வீட்டில் அவரவருக்குத் தெரிந்தபடி திருத்திக்கொண்டார்கள். சிட்டுகள் பிள்ளைகளைக் குட்டையில் இறக்கி முக்கி எடுத்தன. எலிகள் நக்கித் துடைத்துப் பழக்கின. பிள்ளைகள் அழுதார்கள்தான். அழவிட்டுப் பழக்கினார்கள். எலிக்குட்டி பிழைத்துக்கொண்டது. சிட்டுக்குஞ்சுகள் இரண்டும் பிழைக்கவில்லை.

வேரடியில் நீலாயியும் அவளுடைய ஐந்து பிள்ளைகளும் மிஞ்சினார்கள். அந்த ஐந்து பேருக்கும் எடுத்துச் சொல்ல அவளை விட்டால் வேறு ஆள் இல்லை. அவளுக்கோ போன குரல் திரும்பவே இல்லை. கையைப் பிடித்துத் தண்ணீருக்கு இழுத்துப் பார்த்தாள். பயந்து பறந்தார்கள். தலையை ஆட்டிப் பார்த்தாள். அதையும் ஒரு விளையாட்டு என்று நினைத்துத் தாங்களும் ஆட்டினார்கள். அவள் அழுதபோது, அத்தைக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று, சுற்றி உட்கார்ந்து அவள் கற்றுக்கொடுத்தபடியே கையைத் தேய்த்துக் காட்டினார்கள். அதைப் பார்த்துக்கொண்டே அவள் செத்துப்போனாள். அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கும் அதையே பழக்கினார்கள்.

அன்று முதல்தான், ஈ எங்கே வந்து உட்கார்ந்தாலும் முதலில் இரண்டு கையையும் தேய்த்துக்கொள்கிறது. நாம் சீ என்று விரட்டுகிறோம். அது கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்து, இன்னும் ஒரு முறை நன்றாகத் தேய்த்து, இப்போது சுத்தமாகிவிட்டது என்று நம்பி, மறுபடி நம் பிள்ளையின் சோற்றுத் தட்டுக்கே வருகிறது.