அண்ணாச்சி வாங்கிய அண்டா

மலையடிவாரத்தில் ஒரு மடம். அதற்குப் பெரிய பெயர் ஒன்று உண்டு. ஆனால் சுற்றுவட்டாரத்தில் கஞ்சி மடம் என்றால்தான் தெரியும். உச்சிப்பொழுதில் அங்கே மணி அடிக்கும். சத்தம் கேட்டு யார் வந்தாலும் ஒரு குவளை கஞ்சி. எந்த ஊர், என்ன சாதி என்று கேட்கிற வழக்கம் இல்லை. மணி அடிக்காத நாள் என்று ஒன்று அந்த மடத்தில் இருந்ததும் இல்லை.

மடத்தின் தலைவர் கோமதியம்மை. நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவரிடம் சீடராக வந்த குற்றாலிங்கத்துக்கு அறுபது தாண்டிவிட்டது. டவுனில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். கடையை மகனிடம் ஒப்படைத்த பிறகு வீட்டில் அவருக்கு வேலையும் இல்லை, பேச்சுக்கு ஆளும் இல்லை. மடத்துக்கு வந்த பிறகுதான் ஒழுங்காகப் பசிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருப்பார். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றார்கள். அம்மையும் அப்படித்தான் கூப்பிட்டார்.

நல்ல மனிதர். ஒரே ஒரு பழக்கம். எந்தப் பாத்திரத்தைக் கண்டாலும் விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பார். சாமிக்கு முன்னால் இருக்கிற தீர்த்தச் செம்பைக்கூட அவர் விட்டு வைத்ததில்லை.

ஒருநாள் அம்மை சாமான் அறைச் சாவியை அவரிடம் கொடுத்தார். வாங்குவது, அளந்து கொடுப்பது எல்லாம் இனி அண்ணாச்சி பொறுப்பு.

அண்ணாச்சி சாவியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அம்மா, மடத்துப் பணத்தை எப்படிச் செலவு செய்யணும்? ஒரு வார்த்தை சொல்லுங்க."

"கடை நடத்துனவங்களுக்கு நான் என்னத்தைச் சொல்ல?"

"இருந்தாலும்..."

"அந்த மூலையில ஒரு பானை இருக்குல்லா? அதை மட்டும் பாத்துக்கிடுங்க."

அண்ணாச்சி போய்ப் பானையைப் பார்த்தார். மண்பானை. தட்டினார். கீறல் இல்லை. திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அந்தப் பானைக்கு ஒரு வழக்கம் இருந்தது. தினமும் காலையில் அரிசியைப் படியால் அளந்து பெரிய தாம்பாளத்தில் கொட்டுவார்கள். மடத்தில் இருப்பவர்கள் ஒவ்வொருவராக வருவார்கள். தங்கள் சாப்பாட்டுக்கென்று அளந்த அரிசியிலிருந்து ஆளுக்கு ஒரு பிடி அள்ளிப் பானையில் போடுவார்கள். மிச்சம்தான் உலைக்குப் போகும். அம்மையும் வரிசையில் நின்று போடுவார்.

அண்ணாச்சிக்கு இது பிடிபடவில்லை.

"இது என்ன கூத்து, செண்பகம்? அளந்து கொட்டணுமாம், பிறகு அள்ளணுமாம். முதல்லயே குறைச்சு அளந்தா ஆச்சு."

சமையல் செய்கிற செண்பகம் அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்: "எங்களுக்கு அளக்கவும் தெரியும், அள்ளவும் தெரியும் அண்ணாச்சி. இது அள்ளிக் கொடுக்கிற காரியம்."

"காலையில எல்லாரும் வரிசையில நின்னு நேரம் வேற போகுது. நாளையில இருந்து நான் படியிலேயே கழிச்சுருதேன்."

மறுநாள் படியைக் குறைத்து அளந்தார். யாரும் வரிசையில் நிற்கவில்லை. அதோடு நிற்காமல், பானையில் இருந்த அரிசியையும் மூட்டையில் கொட்டினார். முடங்கிக் கிடக்கிற சரக்கு கடைக்கு ஆகாது என்பது அவர் தொழிலில் பாலபாடம்.

அம்மை வந்தார். தாம்பாளத்தைப் பார்த்தார். வெறும் பானையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அண்ணாச்சி அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

உண்மையைச் சொன்னால், மனிதர் நன்றாகத்தான் நிர்வாகம் செய்தார். விறகு வேறு இடத்தில் மலிவாகக் கிடைத்தது. புளியை மொத்தமாக வாங்கிக் கொட்டை எடுக்க வைத்தார். விளக்கு எண்ணெய் சிந்துவது நின்றது. பெட்டியில் காசு மிஞ்சியது. அதைப் பார்க்கிறபோதெல்லாம் அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மகன் பார்க்க வேண்டும் இதை என்று நினைத்துக்கொள்வார்.

மழைக்காலம் நெருங்கியது. மடத்துக்கும் ஊருக்கும் நடுவே ஒரு காட்டாறு. மழை வலுத்தால் தரைப்பாலம் முங்கிவிடும். அப்புறம் வண்டி வராது. அதற்கு முன்னால் அரிசி வாங்கிப்போட வேண்டும் என்று அண்ணாச்சி டவுனுக்குப் புறப்பட்டார்.

சாயங்காலம் வண்டி வந்தது. அரிசி மூட்டைகள் கொஞ்சம்தான் இருந்தன. நடுவில் ஒரு பித்தளை அண்டா பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

"கல்யாண மண்டபத்துக்குச் செஞ்சது அம்மா. அவங்க எடுக்கலையாம். பாதி விலை! இந்தக் கனத்துல இனிமே ஒருத்தன் அடிக்க மாட்டான். கேளுங்க சத்தத்தை."

தட்டினார். கோயில் மணி போல நெடுநேரம் கேட்டது. அண்ணாச்சியின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"நல்ல சத்தம்" என்றார் அம்மை. "அரிசி?"

"மிச்சத்தை அடுத்த வாரம் எடுத்துக்கிடலாம். மழைக்கு இன்னும் நாள் கிடக்கு."

செண்பகம் அண்டாவைச் சுற்றி வந்தாள். "இதுல இப்பவே கஞ்சி காய்ச்சலாமா?"

"இல்ல. களிம்பு ஏறாம இருக்க உள்ள ஈயம் பூசணும். அதுக்கு ஆள் டவுன்ல இருந்து வரணும்."

மழை அடுத்த வாரம் வரைக்கும் காத்திருக்கவில்லை. ராத்திரியே பிடித்துக்கொண்டது. விடிந்து பார்த்தால் தரைப்பாலத்தைக் காணோம். ஆற்றில் செந்தண்ணீர் மரங்களை இழுத்துக்கொண்டு ஓடியது.

மழையில் மாட்டிக்கொண்டவர்கள் மடத்துக்கு வந்தார்கள். ஆட்டுக்கிடை போட வந்த ஒரு குடும்பம், மலையில் தேன் எடுக்கப் போனவர்கள். மதியம் மணி அடித்தால் முன்பைவிடக் கூடுதலாகக் குவளைகள் நீண்டன. மூட்டைகள் ஒவ்வொன்றாகச் சுருங்கின.

அண்ணாச்சிக்குத் தூக்கம் போய்விட்டது. தன் காலத்தில் மணி நின்றுவிடுமோ என்று பயந்தார். ஒரு காலையில் அம்மை முன்னால் வந்து சாவியை வைத்தார்.

"அம்மா, மழை விடலைன்னா கஞ்சிக்கு அரிசி இருக்காது. எல்லாம் என்னால வந்தது. நான் வீட்டுக்கே போயிருதேன். அங்க சும்மா இருக்கத்தான் நான் லாயக்கு."

அம்மை வெளியே எட்டிப் பார்த்தார்.

"ஆத்துல இவ்வளவு வெள்ளம் போகுதே, எப்படிப் போவீங்க? அண்டாவுல ஏறியா?"

செண்பகம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணாச்சிக்கே சிரிப்பு வந்தது. கூடவே கண்ணீரும் வந்தது.

அம்மை கேட்டார்: "படியைக் குறைச்சு அளந்தீங்களே. அந்த அரிசி எங்க இருந்துச்சு?"

"மூட்டையிலேயே இருந்துச்சு அம்மா."

"அப்புறம்?"

"அரிசி கையிருப்பு இருக்குதேன்னு, கொஞ்சம் குறைவா வாங்குனேன்."

"வாங்காததுக்கு உள்ள காசு?"

"பெட்டியில இருந்துச்சு."

"பெட்டியில இருந்தது?"

அண்ணாச்சி வாயைத் திறந்தார். பிறகு மெதுவாகத் திரும்பி அண்டாவைப் பார்த்தார். 

"வெறும் பானையை நீங்க அன்னைக்கே பாத்தீங்க. ஏன் அம்மா என்னைத் தடுக்கலை?"

"தடுத்திருந்தா எனக்காகப் பிடி போட்டிருப்பீங்க."

சாவியை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"போய் இன்னைக்கு உள்ளதை அளங்க."

அண்ணாச்சி அளந்தார். தாம்பாளத்தின் அடி தெரிந்தது. அம்மை வந்து நின்றார். செண்பகம் வந்தாள். ஒவ்வொருவராக எல்லோரும் வந்து நின்றார்கள். அம்மை குனிந்து ஒரு பிடி எடுத்துப் பானையில் போட்டார்.

அண்ணாச்சி பதறினார். "இன்னைக்குமா அம்மா? இருக்கதே இம்புட்டுத்தான்!"

"நிறைய இருந்தப்ப போடலைலா, அண்ணாச்சி. கொஞ்சம் இருக்கப்பவாவது போடுவோம்."

கடைசியாக அண்ணாச்சி அள்ளினார்.  அது தன் இரவுச் சாப்பாட்டில் பாதி என்று அவருக்குத் தெரிந்தது. கடையில் எத்தனையோ கனமான பாத்திரங்களைத் தூக்கி இறக்கியவர்தான். ஒரு பிடி இவ்வளவு கனக்கும் என்று அதுவரை அவருக்குத் தெரியாது. பானையில் போட்டார்.

மழை விடவில்லை. தினமும் கொஞ்சம் குறைவாகச் சாப்பிட்டார்கள். தினமும் பிடி விழுந்தது. செண்பகம் முருங்கைக்கீரையை உருவிக் கஞ்சியில் போட்டாள். யாரும் முகம் சுளிக்கவில்லை. தேன் எடுக்கப் போனவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் தேன் ஊற்றினார்கள். அந்தக் கஞ்சி நன்றாகவே இருந்தது என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள்.

கடைசி மூட்டையை உதறிய அன்று தாம்பாளத்தில் தூசிதான் விழுந்தது. உச்சிப்பொழுது ஆகிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே ஆட்டுக்கிடைக்காரரும் மனைவியும் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு குவளையோடு வருவது தெரிந்தது. அவரால் கயிற்றை இழுக்க முடியவில்லை. கயிற்றை விடவும் முடியவில்லை.

"என்ன நிக்கீங்க?" என்றார் அம்மை.

"அரிசி இல்லையே அம்மா."

"பானையைப் பாத்தீங்களா?"

அண்ணாச்சி ஓடினார். இத்தனை நாளும் மூட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பானையைக் கணக்கில் சேர்க்கத் தோன்றவே இல்லை. கையை உள்ளே விட்டார். மணிக்கட்டு வரைக்கும் அரிசி.

செண்பகம் ஏற்கெனவே உலை வைத்திருந்தாள். பானையைக் கவிழ்த்தார்கள்.

அன்று மணி கொஞ்சம் தாமதமாகத்தான் அடித்தது. ஆனால் அண்ணாச்சி அடித்த அடியில் மலைக்கு அந்தப்பக்கமும் கேட்டிருக்கும்.

மறுநாள் வெயில் வந்தது. தரைப்பாலம் தலையைக் காட்டியது. அரிசி வண்டியும் வந்து சேர்ந்தது. அண்ணாச்சி அண்டாவைப் புளி போட்டுத் துலக்கி வாசலில் வைத்தார். பக்கத்தில் தன் துணிப்பையையும் வைத்தார்.

"வந்த வண்டியிலேயே கொண்டுபோய்க் கொடுத்துருதேன் அம்மா. சேதாரம் இல்ல, வித்தவனே திரும்ப எடுத்துக்கிடுவான். நானும் அப்படியே..."

அம்மை அவர் முடிக்கும்வரை இருக்கவில்லை. ஆட்களைக் கூப்பிட்டு அண்டாவை உள்ளே தூக்கச் சொன்னார். மூலையில் மண்பானை இருந்த இடத்தில் வைக்கச் சொன்னார்.

"ஈயம் பூசலையே அம்மா?"

"அரிசி போடத்தானே? பரவால்ல."

"அரிசியா?"

"தினம் போடுற பிடியை இனி இதுல போடுவோம். இது நிறையட்டும் அண்ணாச்சி. அதுக்குப் பிறகு நீங்க போறதைப் பத்திப் பேசுவோம்."

வண்டியில் வந்த அரிசியை அளந்தாயிற்று. எல்லோரும் வரிசையில் வந்து ஆளுக்கு ஒரு பிடி போட்டார்கள். அண்ணாச்சியும் போட்டார். குனிந்து பார்த்தார். அவ்வளவு பெரிய அண்டாவின் அடியில் அரிசி சிந்திக் கிடப்பது போலத்தான் இருந்தது. பழக்கதோஷத்தில் தட்டிப் பார்த்தார். சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"இது நிறைய எத்தனை வருசம் ஆகுமோ?"

"ஆகும்" என்றார் அம்மை.

"நடுவுல மழை வரும். எடுத்துக் காய்ச்சிருவோம். மறுபடியும் காலி."

"ஆமா."

"அப்ப இது நிறையவே நிறையாதே அம்மா!"

அம்மை வாசலில் கிடந்த துணிப்பையை எடுத்து வந்து, அண்டாவுக்கு மேலே இருந்த ஆணியில் மாட்டினார்.

"உங்களுக்கு வேற எங்கேயும் போகணுமா, அண்ணாச்சி?"