விழாத வடை

“காத்து லேட்டா வருதுங்க டீச்சர்,” என்றார் தெய்வசிகாமணி.

“எந்தக் காத்து?”

“எம்பட மெஷின்ல ஊதற காத்துங்க.”

கணபதிப் பகுதியில் ஒரு பேக்கரிக்கு மேலே மாடி அறை. கம்ப்யூட்டரின் அடிவயிறு வரைக்கும் தெரிந்த மெஹருன்னிசா டீச்சர் அங்கேதான் இருந்தார். டீச்சருக்கு வயது முப்பத்திரண்டு. சீடருக்கு ஐம்பத்தாறு, மீசை முழுக்க நரை. குரு என்றால் தாடி வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்கள் வேறு கதைக்குப் போகலாம். நமக்கு இவர்கள்தான் வாய்த்தார்கள்.

மெஷின், உளுந்து பொறுக்குகிற மெஷின். மேலிருந்து வெள்ளை உளுந்து கொட்டும். கேமரா அதைப் பார்க்கும். தோல் போகாத கருப்பு ஒன்று வந்தால் கம்ப்யூட்டருக்குச் சேதி அனுப்பும். கம்ப்யூட்டர் சொன்னதும் ஒரு சின்னக் குழாய் ‘ஃபூ’ என்று ஊதி, கருப்பை மட்டும் அந்தப் பக்கம் தள்ளும்.

அப்படித்தான் நடக்க வேண்டும்.

“கருப்பு தப்பிச்சுப் போயிருதுங்க. பின்னால வர்ற வெள்ளை, பாவம், அடி வாங்குது.”

“சேதி போகலியா?”

“அது கண்ணிமைக்கறதுக்குள்ள போயிருதுங்க. கம்ப்யூட்டர்தான் எடுத்துப் பாக்க நேரமாக்குது. ஒரு பருப்பு நீளம் விழற நேரந்தானுங்க. ஆனா அந்தப் பருப்புலதான என் பொழப்பே இருக்குது!”

பொழப்பேதான். மில் வேலையை விட்டுவிட்டு அவர் சொந்தமாகச் செய்த முதல் மெஷின் அது. வெள்ளிக்கிழமை பல்லடத்திலிருந்து பருப்பு மில் முதலாளி ராக்கிமுத்து பார்க்க வருகிறார். பிடித்தால் எடுத்துக்கொள்வார். பிடிக்காவிட்டால் பட்டறையைப் பூட்டிவிட்டுப் பழைய மில் வாசலில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

கீழேயிருந்து டீயும் உளுந்து வடையும் வந்திருந்தன. டீச்சர் ஒரு வடையை எடுத்தார்.

“கண்ணை மூடுங்ணா. கையை நீட்டுங்க. ‘விழுது’ன்னு சொல்லுவேன். பிடிக்கணும்.”

மூடினார். நீட்டினார்.

“விழுது!”

கை மூடியபோது வடை தரையில் கிடந்தது.

“அட, சொல்லி முடிக்கறதுக்குள்ள விழுந்துருச்சுங்களே!”

“இன்னொண்ணு.”

“இருங்க டீச்சர், கண்ணைத் தொறந்துக்கறேன்.”

டீச்சர் இந்த முறை ‘விழுது’ என்று சொல்லாமலே வடையை விட்டார். தெய்வசிகாமணி லபக்கென்று பிடித்துவிட்டார்.

பிடித்த வடையைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். வடையைக் கடித்துக்கொண்டே படியிறங்கி ஓடினார். டீயைக்கூடக் குடிக்கவில்லை.

*

கம்ப்யூட்டருக்குள் கெர்னல் என்று ஒரு மேஸ்திரி உண்டு. யாருக்கு என்ன வேலை என்று பிரித்துக் கொடுப்பது அவர்தான். தெய்வசிகாமணியின் கம்ப்யூட்டர் பெட்டியில் அவருக்குக் கீழே நாலு ஆட்கள். வெளியிலிருந்து சேதி வந்தால் மணி அடிக்கும். மணியைக் கேட்டு, கையிலிருக்கும் வேலையை இறக்கி வைத்து, எழுந்து வந்து, “என்னங்க?” என்று ஓர் ஆள் கேட்பதற்குள் உளுந்து விழுந்திருக்கும்.

தெய்வசிகாமணி மணியைக் கழற்றிப் போட்டார்.

“வாசல்லயே நில்லுங்கடா. வருதா வருதான்னு பாத்துட்டே இருங்க,” என்று உத்தரவு போட்டார். நாலு பேருக்கும்.

அன்றைக்குக் கருப்பு ஒன்றுகூடத் தப்பவில்லை. பட்டறைக்குள் தனியாக ஒரு குத்தாட்டம் போட்டார் மனுஷன்.

பிறகு மெஷினை நிறுத்தப் போனார்.

*

“நிறுத்தற பட்டனை அமுக்கினா என்னையக் கண்டுக்கவே மாட்டேங்குதுங்க டீச்சர்! ஸ்கிரீன் அப்படியே நிக்குது. தொட்டியில உளுந்து தீந்து போச்சு, அப்பவும் நாலும் வாசலையே பாத்துட்டு நிக்குதுங்க. பெட்டி தோசைக்கல்லாட்டம் கொதிக்குது. கடைசியில பிளக்கைப் புடுங்கித்தான் நிறுத்துனேன். ராக்கிமுத்து முன்னால இப்படி ஆச்சுன்னா மானமே போயிருமுங்க.”

“என்னைக்கு வர்றாரு?”

“நாளைக்குங்க!”

டீச்சர் வடையை எடுத்தார்.

தெய்வசிகாமணி சந்தோஷமாகக் கையை நீட்டினார். கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டார். இந்தப் பாடம்தான் அவருக்குத் தெரியுமே!

டீச்சர் வடையை விடவில்லை.

இடது கையில் வடையைத் தூக்கிப் பிடித்தபடி, வலது கையால் கீபோர்டில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெய்வசிகாமணி வடையையே பார்த்தார். டீ ஆறியது. கழுத்தில் வேர்த்தது. சட்டைப் பையில் போன் அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது.

“யாருங்ணா போன்ல?”

“தெரியலீங்க.”

“ஏன் எடுக்கல?”

“வடையைப் பாத்துட்டிருக்கனுங்களே!”

டீச்சர் வடையைத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

தெய்வசிகாமணி தன் வெறுங்கையைப் பார்த்தார். அப்புறம் வந்தது பாருங்கள் ஒரு சிரிப்பு, கீழே பேக்கரிக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்கு.

போனில் கூப்பிட்டது அவர் மனைவி. அதற்கு வாங்கிய திட்டு தனிக் கதை.

*

பட்டறைக்குத் திரும்பியதும் நாலு பேரில் ஒருவரை மட்டும் வாசலில் நிறுத்தினார். மற்ற மூவருக்கும் மணியைத் திருப்பிக் கொடுத்தார். வாசலில் நிற்கிறவரிடமும் சொல்லிவைத்தார்:

“கொட்டற வரைக்கும் கண்ணை எடுக்காதே. கொஞ்ச நேரம் ஒண்ணும் வரலீன்னா நீயும் உக்காந்துக்க. வந்தா மணி அடிக்கும்.”

வெள்ளிக்கிழமை ராக்கிமுத்து வந்தார். டீச்சரும் பேக்கரிப் பொட்டலத்தோடு வந்து ஓரமாக நின்றார்.

மெஷின் ஓடியது. வெள்ளை இந்தப் பக்கம், கருப்பு அந்தப் பக்கம். ராக்கிமுத்து வெள்ளைக் கூடையில் முழங்கை வரை விட்டு அளைந்து பார்த்தார். நிறுத்துகிற பட்டனை அமுக்கினார். நின்றது. மறுபடி ஓட்டச் சொன்னார். ஓடியது. தொட்டி காலியானதும் பெட்டியின் விசிறிச் சத்தம் அடங்கியது.

“தூங்கிருச்சா?”

“உக்காந்திருக்குதுங்க.”

ராக்கிமுத்து லேசுப்பட்டவரா? பொறுக்காத உளுந்தில் ஒரு கைப்பிடி அள்ளி, சட்டென்று உள்ளே வீசினார். மெஷின் விழித்துக்கொண்டது. ஆனால் அது எழுந்து வருவதற்குள் முதல் கருப்பு தப்பித்து வெள்ளைக் கூடையில் விழுந்துவிட்டது. மற்றதெல்லாம் ஒழுங்காகப் போனது. அந்த ஒன்றுதான்.

அவர் அதைப் பொறுக்கி எடுத்துக் காட்டினார்.

“என்னய்யா இது?”

தெய்வசிகாமணிக்கு, நாலு பேரையும் ராப்பகலாக முழித்திருக்க வைத்துவிடுகிறேன் முதலாளி என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. டீச்சரைப் பார்த்தார்.

டீச்சர் பொட்டலத்தை நீட்டினார்.

தெய்வசிகாமணி ஒரு வடையை எடுத்து உயரத் தூக்கினார்.

“கையை நீட்டுங்க முதலாளி. இது விழும். எப்பன்னு சொல்ல மாட்டேன். கண்ணெடுக்காமப் பாத்து, விழறப்பப் பிடிக்கோணும்.”

“இவ்வளவுதானா?”

ராக்கிமுத்து கையை நீட்டினார். கண்ணெடுக்காமல் பார்த்தார்.

வடை விழவில்லை.

அவருடைய போன் அடித்து ஓய்ந்தது. வெளியே அவருடைய டிரைவர் ஹாரன் அடித்தார். தெய்வசிகாமணி வடையை விடவில்லை.

“யோவ்! எவ்வளவு நேரம்யா? இதையே பாத்துட்டு நின்னா எம்பட மில்லை எவன் பாப்பான்?”

தெய்வசிகாமணி இன்னொரு கையால் மெஷினைக் காட்டினார்.

ராக்கிமுத்து வடையைப் பார்த்தார். அடங்கி உட்கார்ந்திருந்த மெஷினைப் பார்த்தார். விரல் நடுவே இருந்த கருப்பு உளுந்தைப் பார்த்தார்.

உளுந்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எட்டி வடையைப் பிடுங்கி ஒரு கடி கடித்தார்.

“திங்கக்கிழமை லாரி அனுப்பறேன். ஏத்தி விடு.”