கருவாயன் சும்மா இருந்த மத்தியானம்

அந்தக் காலத்தில் என்றதும் ராஜா ராணி காலம் என்று நினைத்துவிட வேண்டாம். சினிமாவுக்குப் பேச்சு வந்துவிட்டது, நிறம் இன்னும் வரவில்லை, அந்தக் காலம். அப்போது பிராணிகளும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்தன. பால் கறக்க உட்கார்ந்தால் கை சில்லென்று இருக்கிறது என்று பசு குறை சொல்லும். வரப்போகிற விருந்தாளியின் பெயரைக் காக்கை சொல்லிவிட்டுப் போகும். பூனைக்கும் பேசத் தெரியும், ஆனால் பேசாது. நாய்தான் ஓயாமல் பேசும். அதற்குக் குரைக்க மட்டும் தெரியாது. வாய் நிறையப் பேச்சு இருக்கும்போது குரைப்பு எதற்கு?

கோயம்புத்தூருக்கு வெளியே இருந்த ஒரு ஸ்டுடியோவில் மாசிலாமணி என்று ஒரு நடிகர் இருந்தார். அவருக்குச் சாகிற வேஷம்தான் கொடுப்பார்கள். கத்திக்குத்து வாங்குவார், குண்டடி படுவார், குதிரையிலிருந்து விழுவார். எத்தனை தடவை செத்தாலும் பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்து மனைவி செங்கமலத்தின் கையால் காப்பி வாங்கிக் குடித்துவிடுவார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. கருவாயன் என்ற நாய் இருந்தது. அது அவரை அப்பா என்றும் அவளை அம்மா என்றும் கூப்பிட்டது.

ஒரு படத்துக்கு நாய் ஒன்று தேவைப்பட்டது. குடியானவன் ஒருவனை வில்லன் சுட்டுவிடுகிறான். பிணத்தின் பக்கத்தில் அவனுடைய நாய் காவல் இருக்கிறது. குடியானவன் மாசிலாமணி என்று முடிவானதும் நாய்க்கு வேறு எங்கே போவார்கள்? கருவாயனுக்கு நெற்றியில் திருஷ்டிப் பொட்டு வைத்துத்தான் செங்கமலம் அனுப்பினாள்.

முதல் நாளே சிக்கல். துப்பாக்கி வெடித்து மாசிலாமணி மணலில் சாய்ந்ததும் கருவாயன் "ஐயோ, அப்பா!" என்று அலறிவிட்டது. மைக்கில் அந்தச் சத்தம் விழுந்து எடுத்தது வீணானது. மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் அலறியது. பொய் என்று தெரிந்தும் அதனால் முடியவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போயிற்று. கொதிக்கிற மணலில் விழுந்து விழுந்து மாசிலாமணியின் முதுகு கொப்பளித்துவிட்டது. டைரக்டருக்கு ஸ்டுடியோ முழுவதும் கேட்கிற குரல்.

"மாசிலாமணி, உன் நாயை அடக்க முடியலேன்னா சொல்லிடு. வேற நாய், வேற ஆள் பார்த்துக்கறேன்."

சாப்பாட்டு வேளையில் மாசிலாமணி கருவாயனைப் புளியமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். தன் இலையிலிருந்து சோற்றைப் பிசைந்து அதற்கு ஊட்டினார்.

"இங்க பாரு சாமி. நீ வாயத் தெறந்தீன்னா நான் மறுக்கா விழோணும். முதுகு எரியுது. நான் விழுந்தா நீ சும்மா பக்கத்துல உக்காந்திருக்கோணும். அசையக் கூடாது, மூச்சு விடற சத்தங்கூடக் கேக்கக் கூடாது. 'கட்'டுன்னு சொன்னதும் நான் எந்திரிச்சுருவேன்."

"எப்ப விழுந்தாலும் எந்திரிச்சுருவீங்களாப்பா?"

மனிதர் பசியில் இருந்தார். "எப்ப விழுந்தாலுந்தான்," என்று சொல்லிவிட்டு மோரைக் குடித்தார்.

அந்த ஒரு சொல்லை அவர் யோசித்துச் சொல்லியிருக்கலாம். குழந்தையிடமும் நாயிடமும் நாம் யோசித்தா பேசுகிறோம்?

மத்தியானம் கருவாயன் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தது. உடம்பு நடுங்கியதே தவிர ஒரு சத்தம் இல்லை. டைரக்டர் "கட்" என்றதும் மாசிலாமணி எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு சிரித்தார். கருவாயனுக்கு உயிர் வந்தது. எல்லோரும் அதைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். அன்று ஸ்டுடியோ காரில் முன் சீட்டில் உட்கார்ந்து அது வீடு திரும்பியது.

அதன் பிறகு வீட்டிலும் இதே விளையாட்டுத்தான். அக்கம்பக்கத்தார் கேட்டால் போதும், மாசிலாமணி வாசலில் தடாலென்று விழுவார். கருவாயன் சிலையாக உட்காரும். கூட்டம் கை தட்டிய பிறகு அவரே "கட்" என்று சொல்லி எழுந்துகொள்வார். செங்கமலத்துக்கு இது பிடிக்கவே இல்லை.

"ஏனுங்க, வெளக்கு வெக்கற நேரத்துல பொணமாட்டம் படுக்காதீங்க," என்பாள். அவர் கேட்டால்தானே.

படம் வெளிவருவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, ஒரு மத்தியானம். செங்கமலம் பின்கட்டில் மாவாட்டிக்கொண்டிருந்தாள். கூடத்தில் மாசிலாமணி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். சொம்பு கையை விட்டு நழுவியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்.

கருவாயன் ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தது. அப்பா இவ்வளவு நன்றாக ஒருநாளும் விழுந்ததில்லை என்று நினைத்தது. அவர் கை தரையில் ஊர்ந்து அதன் காலைத் தொட்டது. முன்பெல்லாம் அவர் அப்படிச் செய்ததில்லை. கூப்பிடலாமா என்று அதற்கு ஒரு கணம் தோன்றியது. கொப்பளித்த முதுகு நினைவுக்கு வந்தது. தன்னால் அவர் இன்னொரு தரம் விழ வேண்டாம் என்று வாயை இன்னும் இறுக மூடிக்கொண்டது.

மாவு ஆட்டி முடித்து ஈரக் கையோடு செங்கமலம் வந்தாள்.

"போதும் வெளயாட்டு, எந்திரிங்க," என்றாள். பிறகு அருகில் வந்து பார்த்தாள்.

"அம்மா, இன்னும் கட் சொல்லலீங்கம்மா," என்று கருவாயன் மெதுவாகச் சொன்னது.

அவள் போட்ட சத்தத்தில் தெருவே திரண்டது. அடுத்த சந்திலிருந்து டாக்டர் ஓடிவந்தார். நாடி பார்த்துவிட்டு, "விழுந்த உடனே யாராவது ஒரு குரல் கொடுத்திருந்தா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். கருவாயனுக்கு அது கேட்டுவிட்டது.

அது அப்பாவின் காதருகே போய் "கட்" என்றது. உரக்கச் சொல்லியும் பார்த்தது. சாயங்காலம் டைரக்டர் மாலையோடு வந்தபோது அவர் வேட்டி நுனியைக் கவ்விக்கொண்டது.

"ஐயா, நான் சொன்னா எந்திரிக்க மாட்டேங்கறாரு. நீங்க ஒருக்காச் சொல்லிப்போடுங்க."

அவ்வளவு பெரிய குரல்காரர் திரும்பிச் செங்கமலத்தைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளுக்குள்ளும் ஏதோ ஒரு நப்பாசை இருந்திருக்க வேண்டும், பாவம். டைரக்டர் குனிந்து, குரல் உடைய, "கட்" என்றார்.

மாசிலாமணி எழுந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து கருவாயன் பேசவில்லை. செங்கமலம் ஊட்டினால் இரண்டு வாய் தின்னும். நாள் முழுதும் கூடத்தில் அதே இடத்தில் கிடக்கும். அவள் அதை ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட அதற்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

டென்ட் கொட்டகைக்கு அந்தப் படம் வந்தது. போகக் கூடாது என்றுதான் செங்கமலம் இருந்தாள். முகத்தை இன்னொரு தரம் பார்க்கலாமே என்ற ஆசையில் கருவாயனையும் கூட்டிக்கொண்டு போனாள். திரையில் துப்பாக்கி வெடித்தது. மாசிலாமணி சாய்ந்தார். பக்கத்தில் ஒரு நாய் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "எவ்வளவு அடக்கம் பாரு அந்த நாய்க்கு," என்று கொட்டகையே கை தட்டியது. அவர் எழுந்திருப்பதற்குள் காட்சி மாறிவிட்டது.

கருவாயன் துள்ளி எழுந்தது. அப்பா விழுந்துட்டாரு, யாராச்சும் ஓடி வாங்க என்று கத்த நினைத்தது. அந்த மத்தியானம் சொல்லாமல் விட்ட அத்தனை சொல்லும் ஒரே நேரத்தில் தொண்டையில் முட்டியது. ஒன்றுகூட முழுசாக வரவில்லை. "வள்" என்று வந்தது. "வள், வள்" என்று திரையைப் பார்த்து அது கத்திக்கொண்டே இருந்தது. உலகத்தில் முதல் குரைப்பு அதுதான்.

"நாயைச் சும்மா இருக்கச் சொல்லும்மா," என்று பின்னாலிருந்து அதட்டினார்கள்.

செங்கமலம் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "கத்து சாமி. நல்லாக் கத்து," என்று சொல்லி அழுதாள்.

கொட்டகைக்கு வெளியே படுத்திருந்த தெரு நாய்களுக்கு அந்தக் குரல் கேட்டது. என்ன நடந்தது என்று அவற்றுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒன்று எழுந்து குரைத்தது, அதைக் கேட்டு அடுத்த தெரு குரைத்தது, அதைக் கேட்டு அடுத்த ஊர் குரைத்தது. பேச்சை விட்டுவிட்டுக் குரைப்பது என்றும், வாயை மூடிக்கொள்ளச் சொன்னால் இனிக் கேட்பதில்லை என்றும் நாய்க் குலம் முழுவதும் முடிவு செய்துகொண்டது.

நாம் இன்றைக்கும் "சும்மா இரு, சும்மா இரு" என்று அதட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். ஒரு தரம் சும்மா இருந்ததே அதற்குப் போதும். அன்று முதல்தான், தட்டு விழுந்தாலும் தபால்காரர் வந்தாலும் நாய் குரைக்கிறது. நாம் தரையில் சற்றுக் கண்ணயர்ந்தாலும் ஓடிவந்து முகத்தை நக்கி நக்கி எழுப்பி, நாம் எழுந்து உட்கார்ந்து திட்டிய பிறகே வாலை ஆட்டுகிறது.