ஆமை எழுத்தைப் பெரிதாக்கிய நாள்

மருதங்காட்டு ஏரிக்கரையில் ஒரு தூக்கணாங்குருவி இருந்தது. கூடு பின்னுவதில் அது கெட்டி. கணினியில் நிரல் எழுதுவதில் அதைவிடக் கெட்டி. அந்தக் கெட்டித்தனம் அதற்கே தெரிந்திருந்ததுதான் தொல்லை.

ஏரியின் மதகை முன்பு யானைகள் திருகித் திறக்கும். அவை மலையேறிப் போய்விட்டதால், விலங்குகள் மதகுக்கு ஒரு மோட்டாரைப் பூட்டிக் கணினியோடு இணைத்தன. நீர்மட்டத்தைக் காட்டவும், பொத்தானை அழுத்தினால் மதகு திறக்கவும் நிரல் எழுதும் வேலை குருவிக்கு வந்தது. கணினி முன் காவலுக்கு உட்கார்ந்தது ஆமை.

கரையோரக் கோரைப்புல்லில் நீர்க்கோழி ஒன்று ஐந்து முட்டை இட்டிருந்தது. போன வருடம் இட்டதையெல்லாம் பாம்பு தின்றுவிட்டது.

"தம்பி, பெருமழை வந்தா மதகு திறந்துடும்ல? இந்தத் தடவையும் போச்சுன்னா என்னால தாங்க முடியாது" என்று அது குருவியிடம் சொன்னது.

"நான் எழுதின நிரல், அக்கா. நிம்மதியா அடையில உக்காருங்க" என்றது குருவி.

எதையும் அலகால் அளந்து வைத்தே அதற்குப் பழக்கம். திரை என்பது சின்னச் சின்னப் புள்ளிகளின் கூட்டம் அல்லவா? இடமிருந்து ஆயிரத்து எழுநூறு புள்ளி, மேலிருந்து தொள்ளாயிரம் புள்ளி என்று எண்ணி, 'மதகைத் திற' என்ற பொத்தானை வலது கீழ்மூலையில் பதித்தது. நிரலை மூடும் பொத்தான் வலது மேல்மூலையில். யாரும் இழுத்து நகர்த்தக் கூடாதென்று, நிரல் தெரியும் சன்னலை அசையாமல் பூட்டியது. கணினியைப் போட்டதும் அதுவே முதலில் வந்து திரை முழுவதையும் மறைத்துக்கொள்ளும். திரை எவ்வளவு பெரியது என்று மட்டும் அந்த நிரல் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

ஆமைக்குக் கண் மங்கல். "எழுத்து எறும்பு மாதிரி இருக்குப்பா. திரையளவை மாத்தினா எல்லாம் பெருசாத் தெரியுமாமே?"

"அதுல கை வைக்காதீங்கண்ணே. என் கூட்டுல இருக்கிற திரையில எல்லாம் கச்சிதமா இருக்கு."

"உன் கூட்டுல நானா உக்காந்திருக்கேன்?"

குருவி சிரித்துவிட்டுப் பறந்துபோனது. ஆமை விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்பது அதற்கு உறைக்கவில்லை.

ஐப்பசி மழை மூன்று நாள் விடாமல் கொட்டியது. மூன்றாம் நாள் உச்சிப்பொழுதில், நீர்மட்டம் ஆறடியா எட்டடியா என்று ஆமைக்குப் புரியவில்லை. பாவம், அது என்ன செய்யும்? நிரலை மூடிவிட்டு, திரையளவைக் குறைத்து, மறுபடி திறந்தது. புள்ளிகள் குறைந்து ஒவ்வொன்றும் பெரிதானதால் எழுத்துகளும் பெரிதாகின. எட்டடி, மதகைத் திறந்தே ஆகவேண்டிய மட்டம்! சட்டென்று மதகைத் திறக்கப் போனால், பொத்தானைக் காணோம்.

கோரைப்புல்லில் தண்ணீர் கூட்டின் விளிம்பைத் தொட்டிருந்தது. நீர்க்கோழியே மழையில் பறந்து வந்து குருவியை அழைத்தது. "தம்பி, பொத்தான் இல்லையாம். சீக்கிரம் வா."

குருவி பறந்து வந்து திரையைப் பார்த்தது. ஆயிரத்து எழுநூறாவது புள்ளியில் பொத்தான் இருக்கிறது. இப்போது திரையே எண்ணூறு புள்ளிதான்.

"திரையளவைப் பழையபடி வைங்கண்ணே!"

"உன் நிரல் வழிவிட்டாத்தானே? மூடுற பொத்தானையும் காணோம்."

கணினியை அணைத்துப் போட்டன. நிரல் முதல் ஆளாக வந்து திரையை அடைத்துக்கொண்டது. சன்னலை நகர்த்திப் பார்த்தன. அசையவில்லை. குருவி எவ்வளவு நன்றாகப் பூட்டியிருந்தது என்பது அன்றைக்குத்தான் அதற்கே விளங்கியது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன?

அலறியடித்துக்கொண்டு கூட்டுக்குப் பறந்து, குருவி நிரலைத் திருத்தியது. திரையின் அகலமும் உயரமும் என்னவென்று கேட்டு, அதற்கேற்பப் பொத்தானை வைக்கச் சொல்ல வேண்டும். அளவு மாறும்போதெல்லாம் மறுபடி கேட்கச் சொல்ல வேண்டும். நாலே வரி. அதைக் கம்பி வழியே அனுப்பியது. ஆமையின் திரையில் பொத்தான் தெரிந்தது. மதகு திறந்தது. தண்ணீர் மளமளவென்று வடிந்தது.

குருவி கோரைப்புல்லுக்குப் போனபோது அங்கே கூடு இல்லை. நீர்க்கோழி அதே இடத்தில் சுற்றிச் சுற்றி நீந்திக்கொண்டிருந்தது.

"இங்கதான் இருந்துச்சு. ஒரு முட்டை கீறல்கூட விட ஆரம்பிச்சிருந்துச்சு."

குருவி வாய்க்கு வந்ததைச் சொன்னது. "அக்கா, இப்போ சரி பண்ணிட்டேன்."

நீர்க்கோழி நீந்துவதை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தது.

"யாருக்கு?" என்று கேட்டது.

தன் கண்முன் இருக்கும் அளவையே எல்லோருக்குமான அளவு என்று நம்பி வேலை செய்கிறவன் தவறும்போது, அதன் விலையைக் கொடுப்பவர் பெரும்பாலும் வேறொருவர்.