பதினொரு பட்டங்கள்

தூத்துக்குடியில் ஓர் இசைமன்றத்துக்கு வால்வு ஆம்ப்ளிஃபயர் செய்து கொண்டுவந்தாள் அமலோற்பவம். அவள் பட்டறைக்கு அதுதான் முதல் பெரிய வேலை. மன்றத் தலைவர் கோமதிநாயகம் அண்ணாச்சி ஒரே நிபந்தனை போட்டார்.

“சுவிட்சை நான்தான் முதல்ல போடுவேன். அதுக்கு முன்னாடி ஒருத்தரும் தொடக்கூடாது. போட்டுட்டு நான் வாயைத் திறந்ததும் கடைசி வரிசைக்குக் கேக்கணும். கேக்கலைன்னா பெட்டியைத் தூக்கிட்டுப் போயிரு.”

“வால்வு சூடேறிச் சத்தம் வர முப்பது நொடி ஆகும்னு அதோட விவரத்தாள்லயே போட்டிருக்கு, அண்ணாச்சி.”

“அந்தத் தாளுக்கு என்னைத் தெரியாது, தாயி!”

அவள் வரவேற்புரை சொல்பவரிடம் அவர் படிக்கப்போகும் தாளை வாங்கி, கடிகாரத்தைப் பார்த்தபடியே வாசித்தாள். முகம் மலர்ந்தது. அவர் காதில் ஏதோ சொல்லிவிட்டு வந்தாள்.

விழாவில் அண்ணாச்சி சுவிட்சைப் போட்டார். உடனே வரவேற்புரை சொல்பவர் எழுந்து, மைக் இல்லாமலே தொண்டை கிழிய முழங்கினார்: “இசைக் காவலர்! உப்பள வேந்தர்! ஏழிசை வள்ளல்!...” அண்ணாச்சி கைகூப்பி நின்றார், ஒன்றைக்கூட விட்டுவிடச் சொல்லவில்லை. பதினொன்றாவது பட்டமும் முடிந்தபின் “வணக்கம்” என்றார். மண்டபம் அதிர்ந்தது.

“பாத்தியா, தாயி! உன் முப்பது நொடி எங்க போச்சு?” என்று மைக்கிலேயே கேட்டார்.

“உங்க பட்டத்துக்குள்ள போச்சு, அண்ணாச்சி.” மைக்குக்குப் பக்கத்தில் நின்றபடியே அவள் மனசாரக் கும்பிட்டாள். “நீங்க நல்லா இருக்கணும். நாலு பட்டம் குறைஞ்சிருந்தா நான் பெட்டியைத் தூக்கியிருப்பேன்.”

அதுவும் கடைசி வரிசைக்குக் கேட்டது.