எதிர்க்கரையில் விதைநெல்

ஆற்றுக்கு இந்தப் பக்கம் தென்கரை, அந்தப் பக்கம் வடகரை. இரண்டுமே கஞ்சிக்கு அல்லாடும் ஊர்கள். பகைக்கு மட்டும் பஞ்சமில்லை. வெள்ளம் ஏறினால் எதிர்க்கரையை வெட்டிவிடுவது வழக்கம். அங்கே தண்ணீர் புகுந்தால் இங்கே தப்பிக்கலாம். போன வெள்ளத்தில் தென்கரைக்காரர்கள் முந்திக்கொண்டார்கள். மண்வெட்டியோடு முன்னால் போனவன் செங்கோடன்.

அந்தச் செங்கோடன்தான் மழைக்கு முன்னால் குருவைத் தேடி வந்தான். இரு ஊருக்கும் பொதுவான அந்தக் குரு பாலத்தடியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“சாமி, அவங்க முந்திக்கிற வெள்ளத்துல எல்லாம் எங்க விதைநெல்லு போயிடுது. இந்தத் தடவை போச்சுன்னா பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு ஊரை விட்டே போகணும். எங்க வச்சா பத்திரமா இருக்கும்?”

“வடகரையில வை.”

செங்கோடனுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“அவங்க தின்னு தீர்த்துடுவாங்களே!”

“உங்களைப் பத்தி அவங்களும் இதையேதான் சொன்னாங்க. அவங்க நெல்லு நாளைக்கு உங்க ஊருக்கு வருது.”

இதென்ன கூத்து என்று ஊரே சிரித்தது. ஆனாலும் என்னதான் நடக்கிறது, பார்த்துவிடுவோமே என்ற ஆசை யாரை விட்டது? மூட்டைகள் பாலத்தின்மேல் எதிரும் புதிருமாகப் போயின. சுமந்தவர்கள் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டேதான் போனார்கள்.

ஐப்பசியில் வெள்ளம் வந்தது. பழக்கம் லேசில் விடுமா? செங்கோடன் ஆட்களோடு பாலத்தைத் தாண்டினான். வடகரையில் ஓரிடத்தில் கரை தானாகவே அரிக்கத் தொடங்கியிருந்தது. இன்னும் ஒரு வெட்டுப் போதும். மண்வெட்டியை ஓங்கியவனுக்கு, கரைக்குக் கீழே இருக்கும் தங்கள் மூட்டைகள் நினைவுக்கு வந்தன. வெட்ட வந்தவன் மண்ணை அள்ளி அந்த ஓட்டையில் கொட்டினான்.

அடிக்க ஓடிவந்த வடகரைக்காரர்கள் திருதிருவென்று விழித்தார்கள். பிறகு கூடையை நீட்டினார்கள். அங்கே அடைத்து முடித்ததும் எல்லோருமாகத் தென்கரைக்கு ஓடினார்கள். அங்கேயும் நெல் இருந்தது அல்லவா!

இரண்டு கரையும் நின்றது.

தண்ணீர் வடிந்ததும் செங்கோடன் குருவிடம் வந்தான். சந்தோஷம்தான், ஆனால் ஒரு கேள்வி அவனைக் குடைந்துகொண்டே இருந்தது.

“சாமி, நாங்க அடைச்சது எங்க நெல்லுக்காகத்தான். அவங்களுக்காக இல்ல. நெல்லை எடுத்துட்டு வந்துட்டா மறுபடியும் வெட்டத்தானே போவோம்?”

“உன் பக்கத்துல மண்ணு சுமந்தவன் யாரு?”

“மாசிலாமணின்னு ஒருத்தன். ஒரு காது கேக்காது, கத்தித்தான் பேசணும். தை மாசம் பொண்ணுக்குக் கல்யாணமாம், என்னையும் வரச் சொல்லியிருக்கான்.”

குரு ஆய்ந்துகொண்டிருந்த கீரையைக் கீழே வைத்தார்.

“போன வெள்ளத்துல இடிஞ்சது அவன் வீடுதான். நீ கரையை வெட்டினப்ப அவனுக்குப் பேரு இருந்துச்சா?”